நாலாம் நம்பர் காற்று

வேங்கிக்காலில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து செங்கம் ரோட்டுக்கு நான் தினமும் காரில் போய்வருகிறேன். அங்கே அண்ணாமலை அடிவாரத்து ஆசிரமத்துக்குக் கொஞ்சம் தள்ளி, வெளியூர்க்காரர்கள் வந்து தங்கும் விடுதி ஒன்றின் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கார் பழையது. யாரோ ஓட்டிக் களைத்துப்போனதை நாங்கள் வாங்கினோம். அதை ஓட்டுவது நான். அதைப் பற்றிப் பேசுவது என் கணவர்.

அவர் சர்வேயர். வயல், வீட்டுமனை, வரப்புத் தகராறு என்று ஊர் ஊராகப் போய் அளப்பவர். எதையும் அளந்து பார்க்காமல் நம்ப மாட்டார். தோசை வட்டமாக வராவிட்டால், எந்தப் பக்கம் எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிட்டுத்தான் பிய்ப்பார். தப்பாகவும் சொல்ல மாட்டார். அதுதான் எரிச்சல்.

போன சித்திரையில் ஒரு காலை, ஊருக்குள் நெரிசலில் நின்றுகொண்டிருந்தபோது காரில் ஏசிக் காற்று சட்டென்று நின்றது. குமிழ் இரண்டாம் நம்பரில் இருந்தது. ஒன்றுக்குத் திருப்பினேன், ஒன்றுமில்லை. மூன்றுக்குப் போனேன், அதுவும் அப்படியே. நான்கில் வைத்ததுதான் தாமதம், ஆடிக் காற்று மாதிரி ஒரு சத்தத்தோடு அடித்தது. முன்னால் வைத்திருந்த விபூதிப் பொட்டலம் பிரிந்து என் நெற்றி, மூக்கு, புடவை எல்லாம் அப்பிக்கொண்டது. துடைக்கக்கூட நேரமில்லாமல் விடுதியில் போய் இறங்கினேன். மாடியறையில் தங்கியிருந்த ஜெர்மன்கார அம்மாள் என்னைப் பார்த்ததும் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றுவிட்டார். நானும் வேறு வழியில்லாமல் ஆசீர்வாதம் செய்வதுபோல் கையைத் தூக்கிவிட்டு உள்ளே போய் முகம் கழுவினேன்.

சாயங்காலம் கணவரிடம் சொன்னேன். யோசிக்கவே இல்லை.

"கேஸ் கம்மியா இருக்கும்."

"காத்தே வரலங்க. கேஸ் கம்மின்னா காத்து வரும், ஜில்லுனு இருக்காது. இது காத்துதான் வரல."

"நாலுல வருதில்ல?"

"வருது."

"அப்ப கேஸ்தான்."

எதிர்வீட்டுக்காரர், காய்கறிக் கடைக்காரர், எங்கள் விடுதி வாட்ச்மேன் என்று யாரிடம் சொன்னாலும் கேஸ் என்றார்கள். இந்த ஊரில் காரில் எது கெட்டாலும் முதலில் கேஸ்தான். கடைசியில் கணவர் வேலூர் ரோட்டில் ஒரு ஏசிக் கடையில் வண்டியை விட்டுக் கேஸும் நிரப்பிக்கொண்டு வந்தார். ஒன்று, இரண்டு, மூன்று முன்பு போலவே ஊமையாக இருந்தன. நான்கில் மட்டும், முன்பு வெறும் புயலாக இருந்தது இப்போது பனிப்புயலாகிவிட்டது. கணவர் கொஞ்ச நேரம் காரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "முன்னைக்கு இப்ப தேவல," என்றார்.

வேறு நாளாக இருந்தால் நாங்கள் அப்படியே ஓட்டியிருப்போம். ஆனால் அந்த வாரம்தான் மகள் சென்னையிலிருந்து போன் செய்தாள். கூட வேலை செய்யும் பையனைப் பிடித்திருக்கிறது என்று அவள் சொல்லி, நாங்கள் இரண்டு பேரும் அவரவர் பங்குக்குச் சோர்ந்து, தேறி, சரியென்று சொல்லியிருந்த சமயம். பையனுடைய அப்பா அம்மா வேலூரில் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கோயிலுக்கு வருகிறார்கள், அப்படியே நம் வீட்டுக்கும் வருவார்கள் என்றாள்.

"பொண்ணு பாக்கவா? நீ அங்க இருக்கியே," என்றேன்.

"என்னை பாத்துட்டாங்கம்மா. உங்கள பாக்கத்தான் வராங்க."

அவர்கள் இரண்டு பேரைப் பற்றியும் கேட்டேன். அம்மா அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், நன்றாகப் பேசுவார். அப்பா தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், பேசவே மாட்டார். இவ்வளவுதான் மகளுக்குத் தெரிந்தது.

போனை வைத்ததும் கணவர் கேட்ட முதல் கேள்வி: "ஞாயித்துக்கெழமைக்குள்ள அந்த ஃபேன சரி பண்ணிடணும்."

அது கேள்வி இல்லைதான். ஆனால் என்னைப் பார்த்துக் கேட்பதுபோல் சொன்னார்.

சனிக்கிழமை காலை வேப்பமரத்தடியில் காரை நிறுத்தி ஆரம்பித்தார். முதலில் வெப்பப் பரிசோதனை. காற்று வருவது ஏசியால் கெட்டதா, ஃபேனால் கெட்டதா என்று பிரித்துப் பார்க்க வேண்டுமாம். அதற்கு ஹீட்டரைப் போட்டுப் பார்க்க வேண்டுமாம். எங்கள் ஊரில் அந்தக் குமிழின் சிவப்புப் பக்கத்தைத் தொட்டவர்கள் கிடையாது. அது அழகுக்காகப் போட்ட வர்ணம் என்றுதான் பலரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். சித்திரை வெயிலில், கண்ணாடியை எல்லாம் ஏற்றிவிட்டு, என்னையும் பக்கத்தில் உட்காரவைத்து, அவர் ஹீட்டரைப் போட்டார்.

"கண்ணாடிய கொஞ்சம் எறக்கலாங்களா?"

"எறக்கினா ரிசல்ட் மாறிடும்."

ஒன்று இல்லை. இரண்டு இல்லை. மூன்று இல்லை. நான்கில் செங்கல் சூளை வாயைத் திறந்த மாதிரி அனல் அடித்தது. அவருக்கு முகமெல்லாம் வேர்வை, அதற்கு மேல் சந்தோஷம். "பாத்தியா, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அப்ப கேஸ் இல்ல," என்றார். நான் அதைத்தான் முதல் நாளே சொன்னேன் என்று ஞாபகப்படுத்தவில்லை. பேச எனக்குத் தெம்பில்லை.

பிறகு முன்சீட்டுக்கு எதிரே இருக்கும் சாமான் பெட்டியைக் கழற்றினார். தலையைக் கால் வைக்கும் இடத்தில் வைத்து, முதுகை சீட்டில் சாய்த்து, கால்களை வெளியே கதவுக்கு மேலே போட்டுக்கொண்டார். தெருவில் போகிறவர்களுக்கு அவருடைய பாதங்கள் மட்டும் தெரிந்தன. எதிர்வீட்டம்மா வந்து, "உங்க வீட்டுக்காரருக்கு மயக்கம் கியக்கமா?" என்று என்னிடம் ரகசியமாகக் கேட்டார். உள்ளிருந்து பதில் வந்தது: "இல்லம்மா, ஃபேன் பாக்கறேன்."

"என்னங்க தெரியுது?" என்று நான் குனிந்து கேட்டேன்.

"நாம கால் வைக்கற எடத்துல எவ்ளோ ஒயர் இருக்குனு தெரியுது."

மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது முடிவு சொல்லிவிட்டார். கெட்டது ரெசிஸ்டர் என்னும் சின்னச் சாமான். ஒன்று, இரண்டு, மூன்றுக்குக் கரண்ட்டைக் குறைத்து அனுப்புவது அதுதான். நாலாம் நம்பருக்கு அதன் தயவு வேண்டாம், கரண்ட் நேராகப் போய்விடும். அதனால்தான் நான்கு மட்டும் ஓடுகிறது. அவர் மோர்சாதத்தில் விரலால் கோடு போட்டுக் காட்டியே விளக்கினார். எனக்கும் புரிந்தது. உண்மையில் அவர் கண்டுபிடித்தது சரிதான், அதைச் சொல்லிவிட வேண்டும்.

"அப்ப மாத்திடுங்க."

"மாத்தலாம். இங்க எந்தக் கடையிலயும் இல்ல. சொல்லி வரவழைக்கணும்."

"நாளைக்கு அவங்க வராங்களே."

"அதுக்கு ஒரு ஏற்பாடு இருக்கு. நான் முன்னாடி உக்காந்துக்கறேன். பேச்சு வந்தா ஃபேன அணைச்சிடறேன். பேச்சு நின்னா போட்டுடறேன்."

வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம் என்றேன். சொந்தக் கார் வாசலில் நிற்கும்போது வாடகைக் காரில் கூட்டிவந்தால் என்ன நினைப்பார்கள் என்றார். கார் ஓடும்போது என்ன நினைப்பார்கள் என்பதைப் பற்றி அவர் யோசிக்கவில்லை. சாயங்காலம் மனசு கேட்காமல் எல்லா ஃப்யூஸையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி, வேட்டி நுனியால் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு வந்தார். அவை நன்றாகத்தான் இருந்தன. "சுத்தமா இருக்கட்டுமே," என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சாதம் வடித்து, சாம்பார், ரசம், வாழைக்காய் வறுவல் எல்லாம் செய்து மூடிவைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போனோம். வேலூர் பஸ் எங்கள் வீட்டுப் பக்கமாகத்தான் வரும். கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்தில் இறங்கியிருந்தால் நடந்தே வந்திருக்கலாம். ஆனால் முதலில் கோயில் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். அந்த அம்மா மூங்கில் கூடையில் பழத்தோடு இறங்கி, என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பின்னால் வெள்ளை வேட்டி, இஸ்திரி கலையாத வெள்ளைச் சட்டையில் அந்த ஐயா. "வாங்க, வாங்க," என்றோம். தலையை ஆட்டினார். "பஸ்ல கூட்டமா?" என்று என் கணவர் கேட்டார். அதற்கும் தலையை ஆட்டினார், ஆமாம் என்றா இல்லை என்றா என்று தெரியவில்லை.

கோயிலில் நல்ல தரிசனம். வெளியே வந்தபோது தரை கொதித்தது.

"மலைய சுத்தணும்னு ஆசைங்க," என்றார் அந்த அம்மா. "முட்டி ஒத்துக்க மாட்டேங்குது. கார்லயே ஒரு சுத்து போனா அண்ணாமலையார் கோச்சிக்குவாரா?"

"அவருக்கு இந்த வெயில் தெரியும்ங்க. ஒண்ணும் சொல்ல மாட்டாரு," என்றேன்.

நான் ஓட்ட, என் கணவர் பக்கத்தில், அவர்கள் இரண்டு பேரும் பின்னால். செங்கம் ரோட்டில் திரும்பியதும் என் கணவர் நாலாம் நம்பரைப் போட்டார். பின்சீட்டில் அந்த அம்மாவின் தலையில் இருந்த மல்லிகைச் சரம் எழுந்து நின்றதைக் கண்ணாடியில் பார்த்தேன். அந்த ஐயா சட்டைப்பையில் இருந்த காகிதத்தைக் கையால் பொத்திக்கொண்டார்.

"காத்து போதும்ங்களா?" என்று என் கணவர் பின்னால் திரும்பிக் கத்தினார்.

அந்த அம்மா ஏதோ சொன்னார். கேட்கவில்லை. ஃபேனை அணைத்தார். அந்த அம்மா பேச்சை நிறுத்திவிட்டார். பேச்சு நின்றதால் ஃபேனைப் போட்டார். அவர் மறுபடி ஆரம்பித்தார். அணைத்தார். இப்படியே அக்னி லிங்கத்திலிருந்து எம லிங்கம் வரை போனோம். அணைத்தால் வேர்த்து வழிந்தது, போட்டால் காது அடைத்தது. என் கணவர் குமிழில் கையை வைத்துக்கொண்டு, அளவுக் கல் நடுகிறவரைப் போல அவ்வளவு கவனமாக உட்கார்ந்திருந்தார்.

கிரிவலப் பாதையில் திரும்பிய பிறகு, ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்த அம்மா முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டு, "சாதம்லாம் ரெடியா?" என்று கேட்டார். எனக்கு அப்படித்தான் கேட்டது. பஸ்ஸில் வந்தவர்கள், பசியாக இருக்கும்.

"காலைலயே பாத்துட்டேங்க," என்று நானும் கத்தினேன். "பதமா வந்திருக்கு. ஒரு கொறையும் இல்ல."

"அப்பாடா," என்று அவர் சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. பாவம், இவ்வளவு பசியா என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கொஞ்சம் வேகமாக விட்டேன்.

அடி அண்ணாமலை தாண்டியதும் உள்ளே எங்கோ டக டக டக என்று ஓசை வந்தது. லேசாக ஒரு கருகல் வாசனை. பிறகு ஃபேன் நின்றே போய்விட்டது. நாலாம் நம்பரும் இல்லை. என் கணவர் குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினார். ஓரமாக ஒரு புங்கமர நிழலில் நிறுத்தினேன். அது வாயு லிங்கத்துக்குக் கொஞ்சம் முன்னால். வேண்டுமென்றே சொல்கிறேன் என்று நினைப்பார்கள், ஆனால் வண்டி நின்ற இடம் அதுதான்.

என் கணவரின் முகம் சுருங்கிப்போனது. "ரெசிஸ்டர் போயிடுச்சிங்க. மூணு ஸ்பீடும் இல்லாம இருந்தது. இப்ப நாலும் போயிடுச்சி," என்று பின்னால் பார்த்து மெதுவாகச் சொன்னார்.

அப்போதுதான் அந்த ஐயா முதன்முதலாக வாயைத் திறந்தார்.

"வாசன வந்தது பாத்தீங்களா? ரெசிஸ்டர்னா அதுக்கு முன்னாடியே மோட்டர் எதையோ இழுத்துட்டு கஷ்டப்பட்டிருக்கு. ஃபில்டர் எந்தப் பக்கம்?"

"சாமான் பெட்டிக்குப் பின்னாடி, சார்."

"தொறங்க."

இரண்டு பேரும் இறங்கினார்கள். சோதித்துப் பார்க்க வசதியாகச் சாவி போட்டபடியே இருக்கட்டும் என்று என்னிடம் சொன்னார்கள். அடுத்த நிமிஷம் இரண்டு தலைகளும் காருக்குள் போய்விட்டன. ஒரு பக்கக் கதவில் என் கணவருடைய செருப்பு, இன்னொரு பக்கத்தில் இஸ்திரி போட்ட வேட்டி.

நானும் அந்த அம்மாவும் நடைபாதை ஓரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். பக்கத்தில் ஒரு பெண் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்தாள். உப்பும் மிளகாய்த்தூளும் தூவி வாங்கிக்கொண்டோம். காவி கட்டிய ஒரு சாமியார் நின்று காரைப் பார்த்தார். உள்ளே குனிந்து, "கேஸ் கம்மியா இருக்கும்," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

"எங்க வீட்ல மிக்ஸி ரொம்ப நாளா இப்படித்தான் கெடக்குது," என்றார் அந்த அம்மா, வேட்டியைப் பார்த்துக்கொண்டே. "நல்லாதான் ஓடிட்டு இருந்தது. சத்தம் கொஞ்சம் ஜாஸ்தியா வருதுனு நான்தான் வாய வச்சிட்டேன். பிரிச்சிட்டாரு. நான் இப்ப அம்மில அரைக்கிறேன்."

"எங்க வீட்ல நேத்து ஹீட்டர் போட்டோம்ங்க."

"எதுல?"

"கார்ல. என்னையும் உள்ள உக்கார வச்சி."

அவர் என்னை ஒரு நோயாளியைப் பார்ப்பதுபோல் பரிவோடு பார்த்தார். பிறகு சாதாரணமாகக் கேட்டார்:

"எந்த ஜோசியர்கிட்ட பாத்தீங்க? இங்கயேவா?"

"என்னதுங்க?"

"ஜாதகம்தான். ரெடியானு கேட்டேனே. காலைலயே பாத்துட்டேன், பதமா வந்திருக்கு, ஒரு கொறையும் இல்லனு சொன்னீங்களே."

கையில் வெள்ளரிப்பிஞ்சோடு நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பொய் சொல்லி ஓட்டிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. மகளுடைய ஜாதகம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது.

"ஜாதகம்னு எனக்குக் கேக்கலிங்க," என்றேன். "சாதம்னு கேட்டது. நான் சொன்னது சோத்த பத்தி."

அவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு கண்ணில் தண்ணீர் வந்தது. புடவை முந்தானையால் துடைத்துக்கொண்டே, "பதமா வந்திருக்குனு சொன்னீங்க, நான் ஒம்பது கிரகத்துக்கும் மனசுல கும்பிடு போட்டுட்டேன்," என்றார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வெள்ளரிப்பிஞ்சு விற்ற பெண்ணும் எதற்கென்று தெரியாமலே சிரித்தாள்.

"பாக்கணும்னா பாத்துடலாங்க," என்றேன் அடங்கிய பிறகு.

"எனக்கு வேணாம். எங்க நாத்தனார்தான் கேட்டுட்டே இருக்கு. எங்களுக்கு பத்துப் பொருத்தமும் பாத்துதான் பண்ணாங்க. மிக்ஸிய பிரிக்கறவருனு அதுல எங்கயும் வரல." குரல் இறங்கியது. "என் கவலை அது இல்லிங்க. இவர் பையன்கிட்ட பேசறது இல்ல. இந்த விஷயத்த சொன்னதுலேர்ந்து. உங்க பொண்ணு மேல ஒண்ணும் இல்ல, நல்ல பொண்ணுனு எங்கிட்டயே சொன்னாரு. பையன் தன்கிட்ட முன்னாடியே சொல்லலியே, ஒரு வார்த்த சொல்லலியேனுதான். அவன் போன் பண்ணா எழுந்து வெளிய போயிடறாரு. அவனும் கொஞ்ச நாள் கேட்டான், அப்பா எங்கனு. இப்ப கேக்கறதில்ல. இன்னிக்கி காலைல சட்டைய போட்டுகினு வந்து நின்னப்பதான் இவரும் வராருனு எனக்கே தெரிஞ்சது."

மகள் சொன்ன அன்று எங்கள் வீட்டிலும் இரண்டு பேரும் ஆளுக்கொரு அறையில் இருந்ததைச் சொன்னேன். என் கணவர் அன்று மாடியில் போய்த் தண்ணீர்த் தொட்டியின் உயரத்தை அளந்துகொண்டிருந்தார் என்றேன். அந்த அம்மா என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

காருக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. காலை முழுக்க ஒரு வார்த்தை பேசாத மனிதர் இப்போது மூச்சுவிடாமல் பேசினார்.

"அந்த க்ளிப்ப அமுக்குங்க சார்."

"நீங்க அமுக்குங்க, நான் புடிச்சிக்கறேன்."

"ஒடைஞ்சிடாதே?"

"ஒடையட்டும் சார். வேற வாங்கிக்கலாம்."

ஃபில்டர் வெளியே வந்தது. வெள்ளையாக இருக்க வேண்டிய அட்டை, அடுப்புக்கரி மாதிரி இருந்தது. அதோடு காய்ந்த வேப்பிலை, வேப்பம்பூ, புறா இறகு, தேங்காய் நார், கிழிந்த பஞ்சு. எங்கள் வாசல் மரத்து அணில் ஒன்று உள்ளே கிரகப்பிரவேசத்துக்கே நாள் பார்த்திருக்கும் போல. என் கணவர் அதையெல்லாம் நடைபாதையில் வகை வகையாகப் பிரித்து வைத்தார். மோட்டார் இவற்றையெல்லாம் சுமந்துகொண்டு ஓடியதில்தான் ரெசிஸ்டர் கருகியிருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் ஒருமனதாக முடிவு செய்தார்கள். அந்த ஐயா, "சரியா சொன்னீங்க," என்றார். யாரும் எளிதில் சொல்லாத அந்த வார்த்தையைக் கேட்டு என் கணவர் அரையடி உயர்ந்தார்.

ஆனாலும் ஃபேன் ஓடவில்லை. குமிழ் நான்கிலேயே இருந்தது. கொஞ்ச நேரம் இரண்டு பேரும் இடுப்பில் கைவைத்து நின்றார்கள்.

"நேத்து எதையாவது கழட்டினீங்களா?" என்று அந்த ஐயா கேட்டார்.

"ஃப்யூஸ்லாம் எடுத்து தொடச்சி மாட்டினேன்."

"எல்லாத்தையுமா?"

"சுத்தமா இருக்கட்டும்னு."

அந்த ஐயா ஸ்டியரிங் பக்கமாகச் சுற்றி வந்து, கீழே கையை விட்டு, ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாக விரலால் அழுத்தினார். என் கணவர் மறுபக்கம், ஃபில்டர் எடுத்த ஓட்டைக்கு நேராக முகத்தை வைத்து உள்ளே இன்னும் ஏதாவது தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஃப்யூஸ் டக்கென்று உட்கார்ந்தது.

நாலாம் நம்பர் காற்று முழுவீச்சில் கிளம்பியது. உள்ளே மிச்சமிருந்த வேப்பிலை, பூ, புழுதி, அணில் பஞ்சு அத்தனையும் அந்த ஓட்டை வழியாகப் பறந்து என் கணவர் முகத்தில் அடித்தது. முகத்தில் பட்டது போக மிச்சம் எதிர்ப்பக்கம் குனிந்திருந்த வெள்ளைச் சட்டையில் போய் விழுந்தது. என் கணவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஓடுது சார்," என்றார். அவர் மீசையில் ஒரு இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்த ஐயா நிமிர்ந்தார். தன் சட்டையைப் பார்த்தார். என் கணவரைப் பார்த்தார். அப்புறம் சிரித்தார். சத்தமில்லாத சிரிப்பு, ஆனால் கார் கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த அம்மா என் பக்கத்தில் பெஞ்சிலிருந்து பாதி எழுந்து அவரையே பார்த்தார்.

தண்ணீர் பாட்டிலில் முகம் கழுவிக்கொண்ட பிறகு, ரெசிஸ்டர் எங்கே கிடைக்கும் என்ற பேச்சு வந்தது. சென்னையில் பழைய கார் உதிரிபாகக் கடைகள் நிறைய இருக்கின்றன, யாராவது போய்ப் பார்த்தால் தேவலை என்றார் என் கணவர். அந்த ஐயா பழைய ரெசிஸ்டரைக் கழற்றி எடுத்துக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். யாரைக் கூப்பிடுகிறார் என்று எங்கள் யாருக்கும் தெரியவில்லை.

"டேய். நான்தான்."

அந்த அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"நல்லாதான் இருக்கேன். மலை சுத்தற ரோட்டுல நிக்கறோம். கேளு. ப்ளோயர் ரெசிஸ்டர்னு ஒண்ணு. ... மோட்டர் இல்லடா, ரெசிஸ்டர். கவனமா கேளு. அதுல ஒரு நம்பர் இருக்கு, சொல்றேன் எழுதிக்க." கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அதில் பொறித்திருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். அந்தப் பக்கம் ஏதோ கேட்டிருக்க வேண்டும். "பாத்தோம். நல்ல மனுஷங்க. ஆமா, அவர்தான் ஃபால்ட்ட கண்டுபுடிச்சாரு." மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "சாப்ட்டியா?"

பதிலைக் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். எங்கள் பக்கம் திரும்பாமலே, "வாங்கிட்டு வந்துடறேன்னு சொல்றான்," என்றார்.

அந்த அம்மா என் கையை விடவில்லை. வீடு போய்ச் சேரும் வரை காற்று நான்கில்தான் ஓடியது. யாரும் அதை அணைக்கச் சொல்லவில்லை. பின்சீட்டில் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டது புழுதியாலா என்று யாரும் கேட்கவும் இல்லை. வீட்டில் சாதம் ஆறிப்போயிருந்தது. சாம்பாரைச் சுடவைத்துப் போட்டேன். அந்த ஐயா மறுசோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அடுத்த வாரம் பையனும் எங்கள் மகளும் சென்னையிலிருந்து வந்தார்கள். ரெசிஸ்டரைப் புதுத்துணி மாதிரி ஒரு பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தான். அவனுடைய அப்பா அம்மாவும் வேலூரிலிருந்து காலைப் பஸ்ஸிலேயே வந்து, இந்தத் தடவை கலெக்டர் ஆபீஸ் நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வந்துவிட்டார்கள். அந்த ஐயா கையில் ஒரு டூல்ஸ் பை. வெள்ளைச் சட்டை இல்லை.

மூன்று ஆண்களும் காருக்குள் தலையைக் கொடுத்தார்கள். அப்பாவும் மகனும் ஆரம்பத்தில் ஒருவரையொருவர் பார்க்காமலே பேசினார்கள். "வெளிச்சத்த இந்தப் பக்கம் காட்டு," "இன்னும் கொஞ்சம் மேல," இந்த அளவில்தான். கொஞ்ச நேரத்தில் எந்த ஸ்க்ரூவை முதலில் கழற்றுவது என்று இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்தது. குரல் ஏறியது. நான் பயந்து அந்த அம்மாவைப் பார்த்தேன். அவர் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இப்பதான் சரியா ஆயிருக்கு," என்றார்.

நான் காப்பி எடுத்துக்கொண்டு போனபோது அந்த ஐயா தலையை வெளியே எடுக்காமலே கையை மட்டும் நீட்டினார்.

"சம்பந்தி, அந்த சின்ன ஸ்க்ரூ டிரைவர எடுங்க."

என் கணவர் எடுத்துக் கொடுத்தார். பையன் டார்ச்சோடு அப்படியே நின்றான். வாசற்படியில் உட்கார்ந்திருந்த எங்கள் மகள் என்னைப் பார்த்தாள். அந்த ஐயாவுக்குத் தான் சொன்னது தெரிந்ததாகத் தோன்றவில்லை. ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டிருந்தார். என் கணவர் மட்டும், தேவையே இல்லாமல், பையிலிருந்த மற்ற ஸ்க்ரூ டிரைவர்களையும் ஒவ்வொன்றாக எடுத்து அவர் பக்கத்தில் அடுக்கி வைத்தார்.

மத்தியானத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் ஓடின. மூன்று பேரும் மாற்றி மாற்றிக் குமிழைத் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு வண்டியை எடுத்துப் பார்க்கச் சொன்னார்கள். நானும் அந்த அம்மாவும் மகளும் ஏறிக்கொண்டோம். மூட்டுக்கு நல்லது என்று யாரோ சொன்ன ஒரு தைலம் செங்கம் ரோட்டில் கிடைக்கிறது, அதை வாங்க வேண்டும் என்றார் அந்த அம்மா. வண்டியைக் கிளப்பும்போது கண்ணாடியில் பார்த்தேன். மரத்தடியில் மூன்று பேரும் தலை குனிந்து நின்றிருந்தார்கள். மிச்சமாகிவிட்ட ஒரு ஸ்க்ரூ என் கணவரின் உள்ளங்கையில் இருந்தது. அது எங்கே சேர வேண்டும் என்று மூன்று பேரும் மூன்று இடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.